எம்.எல்.ஏ. கையில் எந்தக் கேள்வியைக் கொடுப்பது?

நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது. ஊருக்கு வந்துகொண்டிருந்த அரசு பஸ்ஸின் நடை குறைந்துவிட்டது. துணை சுகாதார நிலையம் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. ஊர்ச் சாலை பெயர்ந்துவிட்டது. எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தால் "சட்டமன்றத்தில் கேட்கிறேன்" என்கிறார். அப்படிக் கேட்பதால் ஏதாவது நடக்குமா? நடக்க வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் அவருக்கு என்ன தயார் செய்து தர வேண்டும்?

நடக்கும். ஆனால் கேள்வி எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் முக்கால் பங்கு இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் வினாப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். "அ) இன்ன ஊரில் துணை சுகாதார நிலையம் அமைக்க அரசு முன்வருமா? ஆ) ஆம் எனில், எப்போது?" என்ற வாய்பாட்டிலேயே பக்கம் பக்கமாக இருக்கும். பதிலுக்கும் ஒரு வாய்பாடு உண்டு: "அ) இல்லை. ஆ) வினா எழவில்லை." எம்.எல்.ஏ. கேட்டாயிற்று, அமைச்சர் சொல்லியாயிற்று, ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. "முன்வருமா" என்பது அரசின் விருப்பத்தைக் கேட்பது. அதற்கு "இல்லை" என்றோ "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்றோ சொல்ல எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. எத்தனை, எந்தத் தேதியிலிருந்து, எந்த ஆணைப்படி என்று கேட்டால் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ. கையில் கொடுக்க வேண்டியது இந்த இரண்டாவது வகைக் கேள்வி.

ஏன் என்று புரிய, பதில் எங்கே எழுதப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். உறுப்பினர் கொடுக்கும் வினா பேரவைச் செயலகத்துக்குப் போகும். அங்கே ஏற்கப்பட்டால் துறைச் செயலாளருக்கு, அங்கிருந்து துறைத் தலைமை இயக்குநரகத்துக்கு, அங்கிருந்து ஊட்டியில் உள்ள மாவட்ட அலுவலகத்துக்கு வரும். விவரத்தைத் திரட்டி முதல் வரைவை எழுதுபவர் அந்த மாவட்ட அலுவலகத்து ஊழியர்தான். "சட்டமன்ற வினா, அவசரம்" என்று மேலிருந்து வந்த கடிதத்தை அங்கே யாரும் ஒதுக்கி வைப்பதில்லை. ஆகவே அமைச்சர் பேரவையில் எழுந்து நிற்பதற்கு முன்பே கேள்வியின் முதல் பலன் ஊட்டியில் கிடைத்துவிடுகிறது. பல நாள் கிடந்த காலியிடத்துக்குத் தற்காலிகமாக ஒருவரைப் போடுவது, நின்றுபோன ஒரு நடையைத் திரும்ப விடுவது போன்ற சிறிய வேலைகள் பதில் எழுதும் அந்த நாட்களிலேயே முடிவதுண்டு, "நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது" என்று எழுத முடிய வேண்டுமே என்பதற்காக.

இந்த வழி சரியாக ஓட, கேள்வி சரியான துறைக்குப் போக வேண்டும். மலையில் பெரும்பாலான மனுக்கள் வீணாவது இந்த இடத்தில்தான். சுகாதாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமைச்சர் ஒருவர், ஆனால் இயக்குநரகங்கள் மூன்று. ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்குநரகத்தின் கீழ் வருபவை. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் அரசு மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ் வருபவை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட 700 படுக்கை கொண்ட ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் வருவது. "எங்கள் பகுதியில் மருத்துவர் இல்லை" என்று பொதுவாகக் கேட்டால் மூன்றில் ஏதோ ஒரு இயக்குநரகம் தன் கணக்கை மட்டும் எழுதி அனுப்பும், அந்தக் கணக்கில் குறையும் இருக்காது. நிலையத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சாலை இன்னும் சிக்கல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், ஊட்டி, கூடலூர் வழியாகக் குண்டல்பேட் போவது தேசிய நெடுஞ்சாலை 181. மற்ற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை, பேரூராட்சிச் சாலை, நகராட்சிச் சாலை, வனத்துறைச் சாலை, எஸ்டேட் சாலை, டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) சாலை என்று ஒரே ஊருக்குப் போகும் நாலு கிலோமீட்டரில் மூன்று பேருக்குச் சொந்தமான துண்டுகள் இருக்கலாம். முதலில் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ பேரூராட்சி அலுவலகத்திலோ சாலைப் பதிவேட்டைப் பார்த்து, எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை யாருடையது என்று மீட்டர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். தனியார் எஸ்டேட் சாலையில் அரசுப் பணம் போட வேண்டுமானால் எஸ்டேட் அதைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் எத்தனை முறை கேட்டாலும் "தனியார் சாலை என்பதால் இயலாது" என்ற ஒரே பதில்தான். தானப் பத்திரம் உண்டா என்று தெரிந்துகொள்ளாமல் எம்.எல்.ஏ.வைப் பேரவையில் எழுந்து நிற்கச் சொல்வது அவருக்கும் நியாயமில்லை.

சட்டமன்றத்தில் கேட்டே பயனில்லாதவையும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைக்கான ஒதுக்கீடு, மலை ரயில், அஞ்சலகம், பி.எஸ்.என்.எல். கோபுரம், தேயிலை வாரியம், வெலிங்டன் கன்டோன்மென்ட்டின் தெருவும் தண்ணீரும் ஆகியவை ஒன்றிய அரசுக்கு உரியவை, எம்.பி. கேட்க வேண்டியவை. மக்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு ஐந்து வினாக்கள்வரை கொடுக்கலாம், 15 முழு நாட்களுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும், ஒரு வினா 150 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரு நாளில் வாய்மொழிப் பதிலுக்கு 20, எழுத்துப் பதிலுக்கு 230 என்பது அங்கே வரம்பு. வழக்கில் இருக்கும் விஷயங்களுக்கு இரண்டு அவையிலும் தடை உண்டு. மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. "இ-பாஸை எடுப்பீர்களா" என்று கேட்டால் வினா ஏற்கப்படாமலே திரும்பலாம். சோதனைச் சாவடியில் உள்ளூர் வண்டிகளுக்குத் தனி வழி உண்டா, அங்கே எத்தனை பணியாளர் என்று கேட்டால் அது நிர்வாகக் கேள்வி.

இனி விவரம் சேர்ப்பது.

துணை சுகாதார நிலையம் பூட்டிக் கிடக்கிறது என்பதை எல்லோரும் "பணியிடம் காலி" என்று நினைக்கிறார்கள். பல நேரங்களில் பதிவேட்டில் காலியே இருக்காது. அங்கே நியமிக்கப்பட்ட கிராம சுகாதார செவிலியர் மாற்றுப்பணி ஆணையில் வேறு நிலையத்தில் வேலை செய்துகொண்டிருப்பார், சம்பளம் மட்டும் இந்த இடத்தின் கணக்கில் ஓடும். "காலியிடம் உள்ளதா" என்று கேட்டால் "இல்லை" என்று அமைச்சர் சொல்வது பொய்யாகாது. ஆகவே எப்போதும் மூன்று எண்களைக் கேட்க வேண்டும். ஒப்பளிக்கப்பட்டது (அரசு அனுமதித்த பணியிடம்) எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, அந்த இடத்திலேயே இருந்து வேலை செய்பவர் எத்தனை. மாதிரிக்கு:

"அ) பந்தலூர் வட்டத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள், துணை சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும் ஒப்பளிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர், கிராம சுகாதார செவிலியர் பணியிடங்கள் எத்தனை?
ஆ) அவற்றுள் நிரப்பப்பட்டவை எத்தனை, காலியானவை எந்தத் தேதியிலிருந்து காலியாக உள்ளன?
இ) நிரப்பப்பட்டவர்களுள் மாற்றுப்பணியில் வேறு இடத்தில் இருப்பவர் எத்தனை பேர், எந்தத் தேதியிட்ட ஆணையின்படி?"

புதிய நிலையம் வேண்டுமென்றால் முதலில் அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர். மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு அது 3,000, 20,000. "மக்கள்தொகை விதிமுறைக்கு உட்படவில்லை" என்ற பதில் வந்தால் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தீர்கள் என்பதுதான் துணைக் கேள்வி. அதற்குமேல் நீலகிரிக்கென்று ஒரு கஷ்டம் இருக்கிறது. 2001-இல் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 7,35,394 ஆகக் குறைந்தது. ஆளெண்ணிக்கையை மட்டும் வைத்து வசதி கொடுக்கும் எந்தக் கணக்கிலும் நம் மாவட்டம் பின்னால்தான் போகும். ஆள் குறைந்ததால் தூரம் குறைந்துவிடவில்லை. எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் ஜார்க்கண்ட் முதலான வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் இந்த எண்ணிக்கையில் முழுதாக வருவதுமில்லை. ஆகவே மனுவில் கிலோமீட்டரோடு நேரத்தையும் எழுதுங்கள். கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் என்றால் சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு மணி நேரம். மழைக்காலத்தில் மூடுபனியில் கொண்டைஊசி வளைவுகளில் பிரசவ வலியோடு ஏறும் தூரம் அது என்பது எண்ணில் தெரியாது. நிலையத்திலிருந்து அடுத்த மருத்துவமனைக்கு எந்த மாதத்தில், எந்த வண்டியில், எத்தனை நிமிடம் என்று எழுதினால் தெரியும். எல்லையோர ஊர்களிலிருந்து கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குப் போய்ப் பிரசவம் பார்க்கும் குடும்பங்களின் எண்ணிக்கை கிடைத்தால் அதையும் சேருங்கள். அது நம் மருத்துவமனைகளின் பதிவேட்டில் இருக்காது.

பஸ்ஸுக்கு வேண்டியது நாட்குறிப்பு. "பஸ் ஒழுங்காக வருவதில்லை" என்ற வரிக்கு "பேருந்துகள் கால அட்டவணைப்படி இயக்கப்படுகின்றன" என்ற பதில் எழுதியே வைத்திருப்பார்கள். ஊரில் ஒருவர் தொடர்ந்து ஒரு மாதம் எழுதட்டும்: தேதி, வழித்தட எண், வர வேண்டிய நேரம், வந்த நேரம், வராவிட்டால் வரவில்லை என்று. கண்டக்டரிடம் சண்டை வேண்டாம். அவரிடம் காரணம் மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் இல்லை, வண்டி பழுது, சீசனுக்கு வண்டியை வேறு தடத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்று மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. டிரைவர் பற்றாக்குறை கோவை அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஆளெடுப்பு விஷயம். வண்டி பழுது என்றால் டிப்போவில் மாற்று வண்டி எத்தனை என்பது கேள்வி. சீசனில் திருப்புவது நிர்வாக முடிவு, மேலாளர் மட்டத்திலேயே சரிசெய்யக்கூடியது. இதற்குக் கேள்வி இப்படி இருக்கலாம்: "இன்ன டிப்போவிலிருந்து இன்ன வழித்தடத்தில் ஒப்புதல் பெற்ற தினசரி நடைகள் எத்தனை; கடந்த ஆறு மாதங்களில், மாத வாரியாக, இயக்கப்பட்டவை எத்தனை, ரத்தானவை எத்தனை; ரத்துக்கான காரணங்கள் என்ன?" ஒவ்வொரு நடைக்கும் கணக்கு எழுதும் கழகத்துக்கு இந்த விவரம் கையிலேயே இருக்கும், தேட நேரமில்லை என்று சொல்ல முடியாது.

மலைப் பஸ் விஷயத்தில் வகைப்பாட்டையும் கவனிக்க வேண்டும். 2021 மே மாதம் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டபோது அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு என்று இருந்தது. நம் மலையில் ஊருக்கு ஊர் ஓடுபவை அந்த வகையில் வரவில்லை. தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் காசு கொடுத்தே போனார்கள். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்படும் என்ற அறிவிப்பு 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது. எந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டாலும் "இதில் மலைப்பகுதிக்கு விலக்கோ மாற்றமோ உண்டா" என்று அரசாணையை வாங்கி உடனே பார்ப்பது இந்த மூன்று ஆண்டு இழப்பைப் பார்த்தபிறகு கட்டாயம் என்றே சொல்வேன்.

தண்ணீருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆளுக்கு ஒரு நாளுக்கு எத்தனை லிட்டர், எத்தனை நாளுக்கு ஒரு முறை, கடைசி வீட்டில் எவ்வளவு என்று கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப்புற அளவு 55 லிட்டர், பாதாளச் சாக்கடை உள்ள நகராட்சிக்கு 135 லிட்டர். குழாய் இணைப்பு கொடுத்த வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று என்று வரும், குழாயில் தண்ணீர் வந்ததா என்று வராது. பிப்ரவரி முதல் ஏப்ரல்வரையான மாதங்களுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். ஆண்டுச் சராசரி மழைக்காலத்துத் தண்ணீரையும் சேர்த்து மறைத்துவிடும்.

இப்போது நிலம். கூடலூர், பந்தலூர் பக்கம் எந்த வசதியைக் கேட்டாலும் கடைசியில் வந்து முட்டுவது இங்கேதான். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் (பரம்பரை நிலவுடைமை) எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றியது 17-ஆம் பிரிவு. அந்த நிலங்களின் உரிமை தீராமல் பல பத்தாண்டுகள் போய்விட்டன. நாட்டின் வன வழக்குகளுக்கெல்லாம் தாயான கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு 1995-இல் கிளம்பியதும் கூடலூர்க் காடுகளை வைத்துத்தான். பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கும் மாவட்டம் இது. அதே மாவட்டத்தில் பிரிவு 17 நிலத்தில் வீடு என்ற ஒரே காரணத்தால் இணைப்புக்கு அலையும் குடும்பங்கள் இருப்பது மனத்தைச் சுடுகிற விஷயம். ஆனால் "பட்டா கொடுக்க அரசு முன்வருமா" என்ற கேள்விக்கு வழக்கையும் சட்டத்தையும் காட்டி ஒரு வரியில் பதில் வந்துவிடும். பட்டாவையும் வசதியையும் பிரித்துக் கேளுங்கள். இன்ன கிராமத்தில் மின் இணைப்பு கோரிய விண்ணப்பங்கள் எத்தனை, எத்தனை நிராகரிக்கப்பட்டன, ஒவ்வொன்றும் எந்த விதியின் கீழ் என்று கேட்டால், பட்டாவைத் தொடாமலே மின்வாரியம் பதில் சொல்லியாக வேண்டும்.

வன நிலமாக இருந்தால் பழங்குடி ஊர்களுக்குச் சட்டத்தில் ஒரு தனி வாசல் இருக்கிறது, அதைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின் கம்பி, தொலைபேசிக் கம்பி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், ஒதுக்கலாம். கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். முடிவு மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே ஆகும், அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். ஒன்றிய அரசிடம் போய்க் காத்திருக்க வேண்டியதில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஊர்களுக்கு ஒரு கிலோமீட்டர் சாலை என்றால் இந்த வழியில்தான் முதலில் போக வேண்டும். அந்த ஊர்களின் எம்.எல்.ஏ. பேரவையில் கேட்க வேண்டியது: "பிரிவு 3(2)-இன் கீழ் நீலகிரி மாவட்டத்தில் கிராம சபைகள் பரிந்துரைத்தவை எத்தனை, அனுமதிக்கப்பட்டவை எத்தனை, நிலுவையில் உள்ளவை எந்தத் தேதியிலிருந்து யாரிடம் உள்ளன?" உங்கள் கிராம சபைத் தீர்மானமே இல்லாமல் இதைக் கேட்டால் "பரிந்துரை ஏதும் பெறப்படவில்லை" என்று முடியும். ஆகவே தீர்மானம் முதலில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்களிடம் பொறுப்பு போன பிறகும் கிராம சபை நடந்தாக வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கையெழுத்துப் போடும்போதே பாருங்கள், நகலை அன்றே கேளுங்கள்.

எப்போது கேட்பது என்பதும் கணக்கில் சேர வேண்டும். நிதிநிலை அறிக்கை பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும், பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை (அந்தத் துறைக்கான செலவு ஒதுக்கீடு) விவாதம், ஒவ்வொரு துறை முடிவிலும் அமைச்சரின் புதிய அறிவிப்புகள். அந்த அறிவிப்புப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்க வேண்டுமானால் மாவட்ட அலுவலகத்திலிருந்து கருத்துரு (வேலைக்கான முன்மொழிவு) முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே சென்னைக்குப் போயிருக்க வேண்டும். மானியக் கோரிக்கை அன்று எழுந்து கேட்பது பெரும்பாலும் பேச்சாகவே நின்றுவிடும். சாலைக்கு இன்னொரு காலக்கணக்கும் உண்டு. குந்தா, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஜூன் முதல் தார் போட முடியாது. 2019 ஆகஸ்ட் 8-இல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. மே மாதம் ஒப்புதல் வந்தால் அந்த ஆண்டு போனதாகவே வைத்துக்கொள்ளலாம். அதோடு ஜல்லியும் மணலும் சமவெளியிலிருந்து ஏற வேண்டும், மண்வாரி இயந்திரத்துக்கு ஆட்சியர் அனுமதி வேண்டும். சமவெளி விலையில் மதிப்பீடு போட்டால் ஒப்பந்தக்காரர் வரமாட்டார். "ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டுள்ளது" என்ற பதிலுக்குத் துணைக் கேள்வி: எத்தனை முறை கோரப்பட்டது, எத்தனை பேர் கலந்துகொண்டனர், மதிப்பீடு திருத்தப்பட்டதா?

எந்த வாசலில் கேட்பது? பேரவை கூடியதும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வார், உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம், நேரலையில் ஊரே பார்க்கும். ஆனால் அன்று அந்த வினாவுக்கு முறை வருமா என்பது நிச்சயமில்லை. மேலே சொன்ன எண்ணிக்கைக் கேள்விகளுக்கு நட்சத்திரக் குறியிடாத வினாவே ஏற்றது. பதில் எழுத்தில் வரும், அட்டவணையோடு வரும், பிறகு எந்த அலுவலகத்திலும் காட்டலாம். என் கருத்தில் மலை எம்.எல்.ஏ.க்கள் இதைத்தான் அதிகம் பயன்படுத்த வேண்டும், கைதட்டல் கிடைக்காது என்றாலும். நிலச்சரிவில் சாலை துண்டானது, திடீரென மருத்துவமனைப் பிரிவு மூடப்பட்டது போன்ற அவசரத்துக்குப் பேரவை விதி 55-இன் கீழ் கவன ஈர்ப்பு. முதலமைச்சரோ அமைச்சரோ விதி 110-இன் கீழ் படிக்கும் அறிவிப்பில் விவாதம் கிடையாது. அதில் ஊர்ப் பெயர் வந்தால் நல்லது, ஆனால் அரசாணை வரும்வரை அதை வைத்து யாரும் வேலை தொடங்க மாட்டார்கள்.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. என்றால் சங்கடமான எண்களைப் பேரவையில் கேட்கத் தயங்குவார். அது இயல்பு. அவருக்கு அதே கேள்வியை அமைச்சருக்கான கடிதமாக எழுதிக் கொடுங்கள், மானியக் கோரிக்கைக்கு முன்பு. சிறிய வேலையாக இருந்தால் கேள்வியே வேண்டாம். ஓர் எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. நிழற்குடைக்கும் தடுப்புச் சுவருக்கும் பேரவையின் நேரத்தைச் செலவிடக் கூடாது.

அவரிடம் கொடுக்கும் தாள் ஒரே பக்கமாக இருக்கட்டும். மேலே பிரச்சினை ஒரு வரி, எந்தத் துறை, எந்த அலுவலகம். அடுத்து நீங்கள் சேர்த்த எண்கள். அடுத்து எழுதித் தயாராக இருக்கும் வினா. கடைசியில் இரண்டு துணைக் கேள்விகள். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தால் கேட்க வேண்டிய துணைக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கருத்துரு எந்தத் தேதியில், எந்த அலுவலகத்திலிருந்து, எந்த எண்ணில் சென்றது, இப்போது யாரிடம் உள்ளது? பழைய மனு நகல்கள், படங்கள், நாட்குறிப்பு ஆகியவற்றைத் தனியாகப் பின்னிணைத்து அவருடைய உதவியாளரிடம் கொடுங்கள். பல ஊர்ப் பிரச்சினைகளை ஒரே மனுவில் அடுக்காதீர்கள், துறைக்கு ஒன்று.

எம்.எல்.ஏ. அசையவே இல்லையென்றால் பேரவையின் மனுக்கள் குழு இருக்கிறது. அதற்குப் பொதுமக்களே நேரடியாக எழுதலாம். குழு மாவட்டத்துக்கு வருமுன் ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பு வெளியிடும். மனு தமிழில், ஐந்து நகல்கள், தேதியும் கையொப்பமும் இட்டு, ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பல ஆண்டாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். வழக்கில் இருப்பது, வேலை கேட்பது, ஓய்வூதியம், தனிப்பட்ட பட்டா ஆகியவற்றை எடுக்க மாட்டார்கள். பிரிவு 17-ஐப் பற்றி எழுதும்போது இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள்: ஊர் முழுவதற்குமான மின்சாரம், சாலை என்று எழுதுங்கள், உங்கள் வீட்டுப் பட்டா என்று எழுதினால் மனு தள்ளுபடி.

பதில் வந்த பிறகுதான் ஊர்க்காரர்களின் வேலை மிச்சம் இருக்கிறது. பதிலில் "ஆவன செய்யப்படும்", "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற சொற்கள் இருந்தால் அது உறுதிமொழி. அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவையிலேயே தனிக் குழு உண்டு, அது மாவட்டங்களுக்கு வந்து ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டமும் நடத்துகிறது. பதிலின் நகலை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் வாங்குங்கள். அதை மேற்கோள் காட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. விண்ணப்பத்தில் சட்டமன்ற வினாவின் எண்ணையும் பதில் அளிக்கப்பட்ட தேதியையும் குறிப்பிட்டு, "இந்தப் பதில் எந்தக் கோப்பின் அடிப்படையில் தயாரிக்கப்பட்டதோ அதன் குறிப்புப் பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். கருத்துரு உண்மையிலேயே ஊட்டியிலிருந்து கிளம்பியதா, சென்னையில் எந்த மேசையில் கிடக்கிறது என்பது அந்தக் குறிப்புப் பக்கங்களில் தேதியோடு இருக்கும். அடுத்த கூட்டத்தொடருக்கு எம்.எல்.ஏ.விடம் கொடுக்க வேண்டிய தாளின் முதல் வரி அதிலிருந்தே கிடைக்கும்.